ஜாமெட்ரி பாக்ஸில் கிடைத்த வெள்ளைப் பை: வாசகர் கேள்வி – பதில்

மாணவர்களிடையே பரவிவரும் போதைப் பழக்கம் குறித்து வந்த கடிதங்களில் நான்கிற்கு, பள்ளிப் பிள்ளைகளுக்கான மனநல ஆலோசகர் இந்த இதழில் பதில் அளிக்கிறார். எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகனின் ஜாமெட்ரி பாக்ஸில், தேயிலைப் பை போன்ற சிறிய வெள்ளைப் பைகள் மூன்று இருந்தன. 'கூல் லிப்' என்கிறான். நண்பன் வைத்திருக்கச் சொன்னதாகவும் சொல்கிறான். என் கணவருக்கு இன்னும் தெரியாது. தெரிந்தால் பெல்ட்டை எடுத்துவிடுவார். பள்ளியில் சொன்னால் டி.சி. கொடுத்து அனுப்பிவிடுவார்களோ என்று தூக்கமில்லாமல் தவிக்கிறேன். (ஒரு தாய், தேனி மாவட்டம்)

பதில்: அம்மா, அந்தப் பைக்குள் இருப்பது புகையிலை. அதை உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கிக்கொண்டால், நிகோடின் வாயின் உட்தோல் வழியாக நேராக இரத்தத்தில் கலந்துவிடும். புகை கிடையாது, துப்ப வேண்டிய அவசியமும் பெரிதாக இல்லை, வாயில் புதினா மணம்தான் வரும். ஆகவே ஒரு பையன் அதை வைத்துக்கொண்டே இரண்டு பாடவேளை வகுப்பில் உட்கார்ந்திருந்தாலும் ஆசிரியருக்குத் தெரியாது. உங்கள் கண்ணில் இத்தனை நாள் படவில்லை என்பதற்காக உங்களையே நொந்துகொள்ளாதீர்கள்.

நண்பனுடையது என்று அவன் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம். இன்றிரவே அதைத் தோண்டித் துருவ வேண்டாம். எதிரே உட்கார வைத்து விசாரித்தால் பிள்ளைகள் வாயை இறுக மூடிக்கொள்வார்கள். கடைக்கு நடந்து போகும்போதோ, வண்டியில் பின்னால் உட்கார்ந்து வரும்போதோ கேட்டால் பேசுவார்கள். "யார் கொடுத்தது?" என்று தொடங்காதீர்கள். "அதை வைத்தால் எப்படி இருக்கிறது?" என்று கேளுங்கள். தலை சுற்றியது, குமட்டியது என்றால் அநேகமாக இப்போதுதான் தொடங்கியிருக்கிறான். வைக்காவிட்டால் எரிச்சலாக வருகிறது என்றால் உடல் அதற்குப் பழகிவிட்டது. அப்படியானால் நிறுத்திய முதல் மூன்று நாட்கள் கோபமும் தலைவலியும் தூக்கக் குறைவும் இருக்கும். இரண்டு முதல் நான்கு வாரங்களில் பெரும்பாலும் தணிந்துவிடும். அந்த நாட்களில் அவன் எரிந்து விழுவதைத் திமிர் என்று எடுத்துக்கொள்ளாமல் இருப்பதே நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி. பல் மருத்துவரிடம் ஒருமுறை ஈறைக் காட்டுங்கள். பை வைக்கும் இடத்தில் வெண்படலம் இருந்தால் அவர் கவனித்துக்கொள்வார். 14446 என்ற கட்டணமில்லா எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும்.

உங்கள் கணவரிடம் மறைக்காதீர்கள். ஆனால் மகன் வீட்டில் இல்லாத நேரத்தில், நீங்களே முதலில் சொல்லுங்கள். அடி விழுந்தால் ஜாமெட்ரி பாக்ஸில் இருந்தது வேறோர் இடத்துக்குப் போகும், அவ்வளவுதான். பிறகு இருவருமாக, மகனுக்குப் பிடித்த ஆசிரியர் ஒருவரைப் பாருங்கள். டி.சி. பற்றிய உங்கள் அச்சம் ஆதாரமற்றது என்று என்னால் சொல்ல முடியவில்லை. பல ஆண்டுகளுக்கு முன், தானாகவே வந்து உண்மையைச் சொன்ன மாணவன் ஒருவனை ஒரு பள்ளி மறுநாளே வெளியேற்றியதை நான் பார்த்திருக்கிறேன். அதன்பின் அந்தப் பள்ளியில் வேறு எந்தப் பிள்ளையும் என்னிடம் வாய் திறக்கவில்லை. பள்ளியோடு உள்ள தொடர்பு அறுந்த பிள்ளைதான் இந்தப் பழக்கத்தில் ஆழமாக இறங்குகிறான் என்பதால், உதவி கேட்டு வருபவனை வெளியேற்றுவது மன்னிக்க முடியாத தவறு என்றே நான் கருதுகிறேன்.

கேள்வி: ஆண்டுதோறும் போதைப்பொருள் எதிர்ப்பு நாளான ஜூன் 26 அன்று உறுதிமொழி எடுக்கிறோம், பேரணி நடத்துகிறோம், கெட்டுப்போன நுரையீரலின் படத்தைக் காட்டுகிறோம். இருந்தும் கழிவறையில் காலி உறைகள் கிடைக்கின்றன. நாங்கள் எங்கே தவறுகிறோம்? (அரசு மேல்நிலைப் பள்ளி ஆசிரியர், விழுப்புரம்)

பதில்: ஐயா, உங்கள் உழைப்பில் குறையில்லை, வழிதான் பலன் தருவதில்லை. அமெரிக்காவில் 1983-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் காவலர்களே வகுப்புக்குள் வந்து பாடம் நடத்தும் திட்டம் தொடங்கி, நாடு முழுவதும் பரவியது. பின்னர் ஆராய்ந்தபோது, அந்தப் பாடத்தைக் கேட்ட பிள்ளைகளுக்கும் கேட்காதவர்களுக்கும் பழக்கத்தில் நிலையான வேறுபாடு ஏதும் தென்படவில்லை. ஐக்கிய நாடுகள் சபையின் போதைப்பொருள் தடுப்பு அலுவலகமும் உலக சுகாதார நிறுவனமும் 2018-இல் வெளியிட்ட தடுப்பு நெறிமுறைகள், வெறும் தகவல் சொல்வதும் பயமுறுத்துவதும் பயன் தருவதில்லை என்றே கூறுகின்றன. பதினான்கு வயதுப் பிள்ளைக்கு நாற்பது வயதில் வரும் புற்றுநோய் எட்டாத தூரம். பக்கத்து பெஞ்சில் இருப்பவனின் கேலி இன்றைக்கே சுடுவது.

ஆகவே அந்தக் கேலியை எதிர்கொள்ளப் பழக்குங்கள். இருவரை முன்னால் அழைத்து, ஒருவனை "ஒரு தடவைதானேடா, பயந்தாங்கொள்ளி!" என்று வற்புறுத்தச் சொல்லுங்கள். மற்றவன் நீண்ட விளக்கம் எதுவும் தராமல், "எனக்கு வேண்டாம்டா, டியூஷனுக்கு நேரமாச்சு" என்று சொல்லிக்கொண்டே நடையைக் கட்ட வேண்டும். முதல்முறை வகுப்பே சிரிக்கும். நான்காம் முறை அந்தச் சொல் நாக்கில் படிந்துவிடும். இன்னொரு நாள், இந்த வகுப்பில் எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று நினைக்கிறீர்கள் என்பதைப் பெயர் போடாமல் துண்டுச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். பிள்ளைகள் பொதுவாக உண்மையை விட மிகையாகவே எழுதுவார்கள். 'எல்லோரும் செய்கிறார்கள்' என்ற அந்த எண்ணத்தைக் கலைப்பதே பாதி வேலை.

ஐஸ்லாந்தில் 15, 16 வயதினரிடம் கேட்டபோது, முந்தைய மாதத்தில் குடித்துப் போதையில் இருந்ததாகச் சொன்னவர்கள் 1998-இல் 42 விழுக்காடு. 2016-இல் 5 விழுக்காடு. அங்கே பெற்றோர்கள் கூடி, பிள்ளைகள் இரவு எத்தனை மணிக்குள் வீடு திரும்ப வேண்டும் என்று ஒரே முடிவை எடுத்தார்கள். மாலை நேரத்தில் விளையாட்டுக்கும் இசைக்கும் அரசும் நகராட்சியும் பணம் ஒதுக்கின. அது சிறிய, வசதியான நாடு. அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. ஆனால் விளையாட்டுப் பாடவேளையைக் கணக்குக்குக் கடன் கொடுக்கும் நம் வழக்கத்தை நிறுத்தப் பணம் எதுவும் தேவையில்லை. பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண் பேசி முடித்த பின், டியூஷன் விட்டதும் எத்தனை மணிக்குள் வீடு வர வேண்டும் என்று வகுப்பின் எல்லாப் பெற்றோரும் சேர்ந்து முடிவெடுக்கட்டும். "அவன் வீட்டில் மட்டும் விடுகிறார்களே" என்ற வாதத்துக்கு அதன்பின் இடமிருக்காது.

கேள்வி: எங்கள் பள்ளிக்கு எதிரிலுள்ள பெட்டிக்கடையில் மாணவர்களுக்கு சிகரெட் விற்கிறார்கள். சட்டம் எதுவும் இல்லையா? (சேலம் வாசகர்)

பதில்: இருக்கிறது. 2003-ஆம் ஆண்டின் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, கல்வி நிலையத்திலிருந்து 100 கஜ தூரத்துக்குள் புகையிலைப் பொருள் விற்கக்கூடாது. 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு எங்குமே விற்கக்கூடாது. 2015-ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 77-ஆவது பிரிவின்கீழ், குழந்தைக்கு மதுவோ போதைப்பொருளோ புகையிலையோ கொடுப்பவருக்கு ஏழாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் பெயரில் காவல் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் கொடுத்து, ரசீது பெற்றுக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் வாரம் ஒருநாள் வீட்டிலேயே அளவோடு குடிப்பவன். பதிமூன்று வயது மகனுக்கு நான் எப்படி அறிவுரை சொல்வது? (ஒரு தந்தை, கோவை)

பதில்: நேர்மையாகக் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் குடிப்பது அவனுக்குத் தெரியாது என்று நினைக்க வேண்டாம். எந்தக் கிழமை, எந்த டம்ளர் என்பது வரை பிள்ளைகளுக்குத் தெரியும். நிறுத்த முடிந்தால் அதைவிடச் சிறந்த பாடம் இல்லை. முடியாத நிலையில், "இதை நான் தொடங்காமல் இருந்திருக்கலாம், விடுவதற்குச் சிரமப்படுகிறேன்" என்று அவனிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். அப்படிச் சொன்னால் உங்கள் மதிப்பு குறைந்துவிடாது. இந்த வீட்டில் படிக்கும் வயதில் யாரும் தொடக்கூடாது என்பதையும் அதே மூச்சில் தெளிவாகச் சொல்லுங்கள்; 'கொஞ்சம் ருசி பார்' என்று வேடிக்கைக்குக்கூட நீட்டாதீர்கள். சோடாவும் மிக்சரும் வாங்கிவர அவனைக் கடைக்கு அனுப்பும் வழக்கம் இருந்தால், இந்த வாரம் முதல் நீங்களே போய் வாங்கி வாருங்கள்.