விருது குடுத்த படத்தை எங்க ஏரியாவுல திரும்பப் போடுங்க

அண்ணா வணக்கம்,

நான் வடசென்னை, கொருக்குப்பேட்டை. பிரிண்டிங் கடையில டிசைன் வேலை பாக்குறேன். 2025 மார்ச் 3 காலைல அஞ்சரைக்கே எழுந்து போன்ல ஆஸ்கர் பாத்தேன். 'அனோரா' 5 விருது வாங்குச்சு, சந்தோஷந்தான், ஆனா மனசு ஒட்டல. நம்ம நாட்டுலேர்ந்து 'லாபத்தா லேடீஸ்' அனுப்புனாங்க, அது வெளிநாட்டுப் பட விருதுக்கான 15 படம் லிஸ்ட்லயே வரல. கான்ஸ் பட விழாவுல விருது வாங்குன 'ஆல் வீ இமேஜின் ஆஸ் லைட்'டை அனுப்பவே இல்ல. 'வாழை', 'கொட்டுக்காளி' எதுவும் போகல. கடையில இதப் பேசுனா "நமக்கு இன்னாத்துக்குடா ஆஸ்கரு, போய் வேலையப் பாரு"ன்றாங்க. நெஜமாவே நமக்கும் விருதுக்கும் சம்பந்தமே இல்லையாண்ணா? 2024-ல உங்களுக்கு எது புடிச்சுது? நீங்களா இருந்தா யாருக்குக் குடுப்பீங்க?

இப்படிக்கு,
உங்க வாசகன்

தம்பிக்கு,

சம்பந்தம் இருக்குப்பா. ரொம்பவே இருக்கு. நானும் அன்னிக்கு அஞ்சரைக்கு எழுந்து உக்காந்தவன்தான், அதனால உன் லெட்டரைப் பாத்ததும் கூட ஒருத்தன் இருந்திருக்கான்னு சந்தோஷமாயிடுச்சு.

அன்னிக்கு 'அனோரா' எடுத்த ஷான் பேக்கர் டைரக்டர் விருது வாங்கிட்டு பேசுனத கவனிச்சியா? ஒரே படத்துக்கு அன்னிக்கு மொத்தம் 4 ஆஸ்கர் வாங்குன மனுஷன், தயாரிப்பு, டைரக்‌ஷன், திரைக்கதை, எடிட்டிங்னு நாலும் அவருதான், அவரு தன்னோட படத்த விட தியேட்டரப் பத்தித்தான் அதிகம் பேசினாரு. கொரோனா டைம்ல அமெரிக்காவுல மட்டும் கிட்டத்தட்ட 1,000 ஸ்க்ரீன் போயிடுச்சு, படம் எடுக்குறவங்க பெரிய திரைக்கு எடுங்க, அப்பா அம்மாவுங்க புள்ளைங்கள தியேட்டருக்குக் கூட்டிட்டுப் போங்கன்னாரு. அத கேக்குறப்ப எனக்கு எங்கயோ லாஸ் ஏஞ்சல்ஸ்ல பேசுற மாதிரியே இல்ல, தண்டையார்பேட்டையில நின்னு பேசுற மாதிரி இருந்துச்சு. நம்ம அகஸ்தியா 1967-ல தொறந்த தியேட்டர், அதே கொரோனாவுல 2020-ல மூடினாங்க. எங்கப்பா கல்யாணம் ஆன புதுசுல அம்மாவக் கூட்டிட்டுப் போனது அங்கதான், நான் மொத மொத பால்கனி ஏறுனதும் அங்கதான். அந்த வழியா பஸ்ஸுல போறப்ப இன்னமும் கழுத்து தானா அந்தப் பக்கம் திரும்புது.

நம்ம ஏரியா சினிமாவுக்கு வெளியில இருந்து கைதட்டுன ஏரியா இல்ல தம்பி. 1931 அக்டோபர் 31, தமிழ் பேசுன மொத படம் 'காளிதாஸ்' வந்தது வால்டாக்ஸ் ரோட்டுல இருந்த கினிமா சென்ட்ரல்ல, பின்னாடி முருகன் டாக்கீஸ்னு பேரு மாறுச்சே அதேதான். படப்பெட்டி சென்ட்ரல் ஸ்டேஷன்ல வந்து இறங்குனதும் ஜனங்க பின்னாடியே ஊர்வலமாப் போயி பூ தூவி தேங்கா ஒடச்சு ஊதுபத்தி காட்டுனாங்கன்னு சொல்லுவாங்க. பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னே பாக்காத ஜனம் அப்டி வரவேத்துச்சு. அந்த ஜனத்தோட பேரப்புள்ளைங்க நாம. உனக்கு சம்பந்தம் இல்லன்னு யாராவது சொன்னா இத சொல்லு.

இப்ப படங்களுக்கு வரேன். பெருசா எதிர்பார்த்த 'இந்தியன் 2', 'கங்குவா' ரெண்டும் என்னை ஏமாத்திடுச்சு, அதுல நேரம் போக்க வேணாம். 'மகாராஜா' கதையக் கட்டுன விதம் புடிச்சுது. 'மெய்யழகன்' நீளம்னு ரிலீசுக்கு அப்புறம் 18 நிமிஷம் வெட்டுனாங்க, எனக்கு அந்த முழுப் படமே வேணும், ராத்திரி ரெண்டு பேர் உக்காந்து பேசிட்டே இருக்கறத வெட்டுனா அப்புறம் அந்தப் படத்துல என்ன இருக்கு? 'லப்பர் பந்து' ராயபுரத்துல பாத்தேன், விஜயகாந்த் பாட்டு வர்றப்போ தியேட்டரே எழுந்து நின்னுச்சு, அவரு போயி அப்ப ஒரு வருஷம் கூட ஆவல, கண்ணத் தொடச்சுகினே விசில் அடிச்சாங்க. ஆனா நான் மறக்காதது ஸ்வாசிகா கிரவுண்டுல ட்ராக்டர் ஓட்டிட்டு வர்ற எடம், எனக்கு முன்னாடி ரோவுல இருந்த நாலஞ்சு அக்காங்க, மீன் மார்க்கெட்லேர்ந்து நேரா வந்தவங்க போல, கூடைய காலடியில வச்சிட்டு அப்டி ஒரு விசில். நடிப்புக்கு விருதுன்னா அந்த வருஷம் நான் தினேஷுக்கும் ஸ்வாசிகாவுக்கும்தான் குடுப்பேன், யோசிக்கவே மாட்டேன்.

'வாழை' அம்மாவோட பாத்தேன். உனக்குத் தெரிஞ்சிருக்கும், எங்கப்பா ஹார்பர்ல மூட்டை தூக்குனவரு. ராத்திரி வந்து குப்புறப் படுப்பாரு, அம்மா தோசைக்கல்லுல கல்லுப்ப வறுத்து பழைய வேட்டித் துணியில முடிஞ்சு அவரு பிடரியில ஒத்தடம் குடுக்கும், அவருக்கு அந்த எடத்துல தோல் காய்ச்சுப் போயி செருப்போட அடிப்பாகம் மாதிரி இருக்கும், சூடே தெரியாது, இன்னும் சூடா வைய்யின்னுவாரு. படத்துல அந்தப் பையன் வாழைத்தார் தூக்கித் தூக்கி நோவுறான் இல்ல, அப்ப எங்கம்மா ஒண்ணுமே பேசல, இருட்டுல கைய நீட்டி என் பிடரிய புடிச்சுது. படம் முடியற வரைக்கும் எடுக்கல. நான் ஒரு நாளும் மூட்டை தூக்குனதில்ல தம்பி, ஏசி ரூம்ல உக்காந்து எழுதுறவன். அது அப்பா கழுத்துன்னு அம்மாவுக்குத் தோணிருக்கு. ஒரு தாருக்கு கூலிய கொஞ்சம் ஏத்திக் கேக்குறதுக்காக நடக்கற சண்டை அந்தப் படத்துல இருக்கு, அத எங்க வீட்டுல விளக்கிச் சொல்ல வேண்டியதே இல்ல.

அதே ஆகஸ்ட் 23-ந்தேதி, அதே நாள், 'கொட்டுக்காளி'யும் வந்துச்சு. பாக்கப் போறதுக்குள்ள புதன்கிழமை ஆயிடுச்சு. நம்ம பக்கத்து தியேட்டர் ஒண்ணுல ஒரே ஒரு ஷோ, பதினொன்ற மணி, உள்ள என்னோட சேத்து 14 பேரு. பின்னணி இசையே இல்லாத படம், ஷேர் ஆட்டோ சத்தம், சேவல் சத்தம், தொண்ட கட்டி சுண்ணாம்பு தடவுன சூரியோட கரகரப்பு, அவ்ளோதான். பேயோட்ட சாமியார்கிட்ட வீட்டுக்காரங்க கூட்டிட்டுப் போற பொண்ணா அன்னா பென் ஆட்டோவுல உக்காந்திருக்கு, ஏறக்குறைய பேசவே பேசாது, ஆனா வர்ற அத்தன பேரும் அதுகிட்ட பயப்படுறாங்க. ஒரு எடத்துல ரோட்டுல மாடு ஒண்ணு மறிச்சு நிக்கும், மீச வச்ச ஆம்பளைங்க அத்தன பேரும் ஒண்ணும் பண்ண முடியாம நிப்பாங்க, சின்னப் பொண்ணு ஒண்ணு வந்து அத சும்மா ஓட்டிட்டுப் போயிடும். அத பாத்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்துச்சு. முடிவு வந்ததும் பின்னாடி காலேஜ் பசங்க நாலு பேரு "இன்னா மச்சான், அவ்ளோதானா?"ன்னு கத்துனானுங்க. வெளிய வந்தா அதே நாலு பேரு டீக்கடையில நின்னு, சூரி நடிச்ச அந்தப் பாண்டி அடுத்து இன்னா பண்ணுவான், திரும்புவானா மாட்டானான்னு சண்ட போட்டுக்கினு இருக்கானுங்க. நான் ஒரு டீ முடிச்சு ரெண்டாவது டீயும் முடிச்சேன், அவனுங்க முடிக்கல. வேற யாரு அந்த வருஷம் நம்ம பசங்கள இப்டி அரை மணி நேரம் ஒரு கிராமத்துப் பொண்ணோட நெலமைய பேச வச்சாங்க?

வெள்ளிக்கிழமை அந்த ஷோவ எடுத்துட்டாங்க. அந்தப் பசங்க போயி நாலு பேரக் கூட்டிட்டு வர்றதுக்குள்ள படம் இல்ல.

உன்னோட கோவம், நம்ம படத்த ஏன் அனுப்பலன்றது. என்னோட கோவம் இங்கதான் இருக்கு. கணக்கு பாரு, ஒரு நாட்டுலேர்ந்து ஒரே படந்தான் அனுப்ப முடியும். நம்ம தமிழ்லேர்ந்து மொத மொத போனது 1969-ல 'தெய்வமகன்', அப்புறம் 'நாயகன்', 'அஞ்சலி', 'தேவர் மகன்'னு போச்சு, 2000-ல 'ஹே ராம்', அதுக்கப்புறம் 16 வருஷம் கழிச்சு 'விசாரணை'. மொத்த இந்தியாவுலேர்ந்தே கடைசி அஞ்சுக்குள்ள போனது 3 படந்தான், 'மதர் இந்தியா', 'சலாம் பாம்பே', 'லகான்'. ஒண்ணும் ஜெயிக்கல. இத நெனச்சு நெனச்சு மனசு நோவறதுல எனக்கு இஷ்டமில்ல. எனக்கு நோவறது வேற. 'கொட்டுக்காளி' எடுத்த வினோத்ராஜோட மொத படம் 'கூழாங்கல்', 2021-ல ராட்டர்டாம் பட விழாவுல டைகர் விருது, அதே வருஷம் இந்தியாவோட ஆஸ்கர் என்ட்ரி. நம்ம கைக்கு அது எப்ப வந்துச்சு? 2023-ல, ஓடிடியில. அந்தப் படத்துல ஒரு அப்பனும் புள்ளையும் வெயில்ல நடக்குற நடை, அத ஆறு இஞ்சு போன்ல பாக்குறோம் நாம.

ஆஸ்கர்காரங்களோட ரூல்ல ஒண்ணு இருக்கு, எனக்கு ரொம்பப் புடிச்ச ரூலு. வெளிநாட்டுப் படம்னா அந்த நாட்டுல தியேட்டர்ல விடாம 7 நாளாவது ஓடியிருக்கணும். ஏழே நாளு. நம்ம ஏரியாவுல சின்னப் படத்துக்கு அந்த ஏழு நாள் கெடைக்கறதே பெரும்பாடா இருக்கு. 'ஜே.பேபி' பாத்தியா? காணாமப் போன அம்மாவத் தேடி, ஒருத்தனோட ஒருத்தன் பேசிக்காத ரெண்டு அண்ணன் தம்பி கல்கத்தா போற கதை, ஊர்வசி அம்மாவா வாழ்ந்திருக்காங்க. எங்க தெருவுல தியேட்டர்ல பாத்தவங்கள கேட்டேன், ரெண்டு வீடு. டிவியில பாத்து அழுதவங்க தெருவே.

நம்ம தேசிய விருதயும் பாரு. 'திருச்சிற்றம்பலம்' வந்தது 2022 ஆகஸ்ட் 18. நித்யா மேனனுக்கு விருதுன்னு அறிவிச்சது 2024 ஆகஸ்ட் 16. ரெண்டு வருஷத்துக்கு ரெண்டு நாள் கம்மி. அது ஓடுன படம், பரவால்ல, ஓடாத படத்துக்கு விருது வந்தா அத நாம எங்க போயி பாக்குறது? பேப்பர்ல போட்டோ வரும், அவ்ளோதான். அமெரிக்காவுல நாமினேஷன் வந்ததும் அந்தப் படத்த திரும்ப தியேட்டருக்குக் கொண்டு வராங்க, விருது சீசன்னு அவங்க சொல்ற அந்த ரெண்டு மூணு மாசம் ஜனம் அந்தப் படங்களப் போயி பாக்குது, பேசுது. இங்க விருது ஒரு நாள் நியூஸோட முடிஞ்சிடுது.

முடியாதுன்னு மட்டும் சொல்லாத. 2024 ஏப்ரல் 20-ந்தேதி 'கில்லி'ய திரும்பப் போட்டாங்களே, 20 வருஷப் பழைய படம், ஆடிக் கூத்து மாதிரி ஜனம் திரண்டுச்சு, ஸ்க்ரீன் முன்னாடி ஏறி ஆடுனாங்க. பழைய ஹிட்ட திரும்பப் போட முடியும்னா விருது வாங்குன படத்த, அறிவிச்ச வாரமே, ஒரு நாலு நாள், ஒரே ஒரு ஷோ, ராயபுரத்துலயும் பெரம்பூர்லயும் திருவொத்தியூர்லயும் போட முடியாதா? நான் விருதுன்னா இதத்தான் விருதுங்கறேன்.

'ஆல் வீ இமேஜின் ஆஸ் லைட்' பாயல் கபாடியா எடுத்தது, 30 வருஷத்துக்கு அப்புறம் கான்ஸ் போட்டியில நொழைஞ்ச இந்தியப் படம், அங்க ரெண்டாவது பெரிய விருதான கிராண்ட் ப்ரீ வாங்குச்சு. அதுல ஒரு நர்ஸு, கேரளாவுலேர்ந்து பம்பாய் வந்தவங்க, புருஷன் ஜெர்மனி போயி போனே பண்றதில்ல, ஒரு நாள் பேரு போடாம ஒரு பார்சல் வருது, உள்ள செவப்பு கலர்ல ஒரு ரைஸ் குக்கர். அந்தம்மா ராத்திரி தனியா தரையில உக்காந்து அந்த குக்கர கால்ல அணைச்சு கட்டிப் புடிச்சுக்கும். வசனமே கெடையாது. ராத்திரி எட்டு மணி எண்ணூர் லைன் ட்ரெயின்ல லேடீஸ் பெட்டியில பாரு, ஜன்னல்ல தலைய சாச்சுக்கிட்டு, மடியில டிஃபன் பாக்ஸ ரெண்டு கையால புடிச்சிட்டு போற அக்காங்க எத்தன பேரு. அவங்களுக்குத்தான் இந்தப் படம். நம்ம ஏரியாவ கத்தியும் ரத்தமுமா எவ்ளோ படத்துல பாத்துட்டோம், அந்த லேடீஸ் பெட்டிய இந்த மாதிரி வெளிச்சத்துல யாராவது எடுக்க மாட்டாங்களான்னு எனக்கு ஏக்கமா இருக்கு. நீ டிசைன் பண்றவன், உனக்கு ஒண்ணு சொல்றேன், அனிமேஷன் ஆஸ்கர் வாங்குன 'ஃப்ளோ' லாட்வியான்னு ஒரு குட்டி நாட்டுப் படம், ஒரு வார்த்த வசனம் இல்ல, பிளெண்டர்ல பண்ணுனது, அந்த சாஃப்ட்வேருக்கு பத்து பைசா குடுக்க வேணாம், உன் கடை கம்ப்யூட்டர்லயே போட்டுக்கலாம்.

யாருக்குக் குடுப்பேன்னு கேட்டியே. படத்துக்குன்னா 'கொட்டுக்காளி'க்கு. 'வாழை' என் வீட்டுப் படம், எங்கம்மா கை பட்ட படம், இருந்தாலும் அதுக்கு ஜனம் வந்துச்சு, ஓடுச்சு. 'கொட்டுக்காளி'க்கு இன்னும் அதோட ஜனம் வந்து சேரல.

நான் சும்மா எழுதிட்டு விடல தம்பி. 'கொட்டுக்காளி'ய திரும்பப் போடச் சொல்லி போன வாரம் எனக்குப் பழக்கமான ஒரு தியேட்டர் மேனேஜரப் போயி பாத்தேன். அவரு சொன்னாரு, சார், பழைய காலம் மாதிரி பெட்டி வர வேணாம், படத்த சர்வர்ல ஏத்தி, அத ஓட வைக்கிற கீ, அதான் பாஸ்வேர்டு மாதிரி ஒண்ணு, வாங்குனா போதும், டிஸ்ட்ரிபியூட்டர் ஓகே சொல்லணும், 100 டிக்கெட்டுக்கு நீங்க பொறுப்பு எடுத்துக்கிட்டா ஞாயித்துக்கெழம காலைல எட்டரை ஷோ நான் தரேன்னாரு. 100 பேரு. எங்க தெருவுல 31 பேரு சேர்ந்திருக்காங்க, பேரு நோட்டுல எழுதி வச்சிருக்கேன், எங்கம்மா பேரு மொதல்ல இருக்கு. டீக்கடையில சண்ட போட்ட அந்த நாலு பசங்களத் தேடிட்டு இருக்கேன், கெடைக்கல.

கொருக்குப்பேட்டையிலேர்ந்து நீ எத்தன பேரக் கூட்டிட்டு வருவேன்னு எழுது. கடையில "உன் வேலையப் பாரு"ன்னு சொன்னவரையும் சேத்துக்கோ.

அன்போட,
அண்ணன்