எத்தனை முறை மருந்து அடித்தாலும் கரப்பான் பூச்சி ஏன் திரும்பி வருகிறது?

மாதந்தோறும் மருந்து அடித்தும் அடுக்ககத்தில் கரப்பான் பூச்சி ஒழியவில்லையே என்று கேட்டிருக்கிறீர்கள். மும்பை செம்பூரில் எங்கள் சொசைட்டியின் பராமரிப்புக் குழுவில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: உங்கள் வீட்டுக்கு மட்டும் மருந்து அடித்துக்கொண்டிருந்தால் அது ஒழியாது.

முதலில் எந்தப் பூச்சி என்று பாருங்கள். ஒன்றரை சென்டிமீட்டர் நீளத்தில், வெளிர் பழுப்பாக, தலைக்குப் பின்னால் இரண்டு கருங்கோடுகளுடன் சமையலறையில் திரிவது ஜெர்மன் கரப்பான். அதைவிட இரு மடங்குக்கும் மேல் பெரிதாக, செம்பழுப்பாக, மழைக்காலத்தில் குளியலறைத் தரையில் நீர் வடியும் ஜாலி (துளைத் தகடு) வழியே ஏறி வருவது சாக்கடையில் வாழும் அமெரிக்கக் கரப்பான்.

அடுக்ககங்களைப் பாடாய்ப் படுத்துவது முதல் வகைதான். அதன் பெண் பூச்சி 30 முதல் 40 முட்டைகள் கொண்ட உறையைப் பொரிக்கும் தறுவாய் வரை உடலிலேயே சுமக்கிறது. அந்த உறைக்குள் மருந்து எளிதில் இறங்காது. தெளிக்கும் மருந்துகளில் பெரும்பாலானவை பைரித்ராய்டு என்ற பூச்சிக்கொல்லி வகையைச் சேர்ந்தவை. அவற்றில் பல பூச்சியை விரட்டும் தன்மையும் உடையவை என்பதால், சாகாமல் தப்பியவை குழாய் வழியே மேல்வீட்டுக்கோ பக்கத்து வீட்டுக்கோ போய், வாடை அடங்கியதும் திரும்பிவிடுகின்றன. சிங்க்குக்கு அடியில், கழிவுநீர்க் குழாய் சுவருக்குள் நுழையும் இடத்தில் இருக்கும் வட்டத் தகட்டை நகர்த்திப் பாருங்கள். பிளம்பர் உடைத்துவிட்டுப் பூசாமல் போன, இரண்டு விரல் நுழையும் இடைவெளியும், அதன் விளிம்பில் காபித்தூளைத் தூவியது போன்ற எச்சமும் பெரும்பாலும் தென்படும். அந்த ஓட்டையைச் சிமெண்ட் வைத்து அடைப்பது பத்து முறை மருந்து அடிப்பதைவிட மேல்.

அடுத்தது ஜெல் மருந்து. ஒரே டக்டைச் (குழாய்கள் மேலிருந்து கீழாக இறங்கும் இடைவெளியைச்) சுற்றி அமைந்த சமையலறைகள் அனைத்திலும், தரைத்தளம் முதல் மேல்மாடி வரை, ஒரே நாளில் அதை வைக்கச் சொல்லிச் சொசைட்டியை வற்புறுத்துங்கள். அலமாரிக் கீல், ஃபிரிட்ஜின் பின்புறம், மிக்ஸிக்கு அடிப்பக்கம் எனப் பூச்சி பதுங்கும் இடங்களில் சிறு பொட்டுகளாக வைத்தால் போதும். அதைத் தின்ற பூச்சியின் எச்சத்தையும் உடலையும் மற்றவை தின்பதால் அவையும் மடிகின்றன. ஜெல் வைத்த இடத்தில் ஸ்பிரே அடித்தால் பூச்சி அதை நெருங்காது. ஆகவே இரண்டையும் சேர்க்காதீர்கள். கரப்பானின் எச்சமும் உதிர்ந்த தோலும் குழந்தைகளுக்கு ஆஸ்துமாவைத் தூண்டக்கூடியவை. அதனால்தான் இதை வெறும் அருவருப்பு என்று தள்ளிவிட எனக்கு மனம் வருவதில்லை.

உணவின்றி ஏறக்குறைய ஒரு மாதம் வரை தாங்கும் பூச்சி, நீரின்றி அவ்வளவு நாள் தாங்காது; எனவே ஒழுகும் குழாயை உடனே சரிசெய்து, இரவில் சிங்க்கைத் துடைத்து வையுங்கள். பொருள் வந்த அட்டைப்பெட்டிகளை வீட்டில் சேர்த்து வைக்க வேண்டாம்.

பூட்டிக் கிடக்கும் வீடுகளையும் மறக்கக் கூடாது. அங்கே நஹானி டிராப்பில், அதாவது தரை ஜாலிக்கு அடியிலுள்ள கிண்ணம் போன்ற அமைப்பில், நிற்கும் நீர் வற்றிவிட்டால், சாக்கடைப் பூச்சி தடையின்றி மேலே வரும். சாவி வைத்திருப்பவரிடம் சொல்லி, வாரம் ஒருமுறை ஒவ்வொரு ஜாலியிலும் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றச் செய்யுங்கள்.