கமராவில் படம் இருக்கிறது, சத்தம் இல்லை: காசைத் திருப்பிக் கேட்கலாமா?

கேள்வி: வெள்ளவத்தையில் சிறிய பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். இரண்டு மாதமும் பத்து நாளும் முன்பு ஒருவரைப் பிடித்து நான்கு சிசிரிவி கமரா பூட்டினேன். மொத்தம் 118,000 ரூபா. கொட்டேஷனில் ‘நான்கு கமரா, ஓடியோவுடன்’ என்று எழுதியிருக்கிறார். போன மாதம் சாமான் போடுகிற ஏஜென்ட் ஒருவர் 85,000 ரூபாவைக் காசாக வாங்கிவிட்டு, “பில்லை நாளைக்குத் தாறேன் அக்கா” என்று சொல்லிப் போனார். இப்போது காசே வாங்கவில்லை என்கிறார். பதிவைப் போட்டுப் பார்த்தால் படம் மட்டும்தான் ஓடுகிறது. கமரா பூட்டியவரோ, மைக் வேறாக வாங்க வேண்டும், அதற்குக் காசு தனி என்கிறார். அவரை என்ன செய்யலாம்? சத்தமில்லாத பதிவு நீதிமன்றத்தில் எடுபடுமா? கடையில் சத்தம் பதிவது குற்றமா?

பதில்: சகோதரி, சட்டத்துக்குப் போகுமுன் ஓர் ஏணியை எடுத்துக் கமராவில் ஒட்டியிருக்கும் மொடல் இலக்கத்தைப் போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். நான் கேலிக்குச் சொல்லவில்லை. ஒருமுறை இதே முறைப்பாட்டுடன் வந்த ஒருவருக்குக் கோரிக்கைக் கடிதம் தயாரித்துக் கையெழுத்தும் வைத்துவிட்டேன். மறுநாள்தான் தெரிந்தது, அவருடைய மொனிட்டர் விஜிஏ வயரில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வயரில் சத்தம் போகவே போகாது. ஸ்பீக்கர் உள்ள டிவியில் எச்டிஎம்ஐ வயரைச் செருகியதும் எல்லாம் கேட்டது. கடிதத்துக்கு வாங்கிய காசைத் திருப்பிக் கொடுக்க எனக்கும் மனம் வரவில்லை, தேநீர் வாங்கிக் கொடுத்துச் சமாளித்தேன்.

உங்கள் கமராவில் மைக் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. பல மொடல்களில் மைக்கே கிடையாது. மைக் இருந்தாலும், கோஎக்ஸ் வயரில், அதாவது டிவி அன்டெனாவுக்குப் போடுவது போன்ற வயரில் ஓடும் கமரா என்றால், அதே வயரில் சத்தத்தையும் அனுப்பும் வசதி கமராவிலும் பதிவைச் சேமிக்கும் பெட்டியான டிவிஆரிலும் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று பழசு என்றால் ஊமைப்படம்தான். நெட்வேர்க்கில் ஓடும் ஐபி கமரா என்றால் செட்டிங்கில் ‘வீடியோ’ என்று மட்டும் இருப்பதை ‘வீடியோவும் ஓடியோவும்’ என்று மாற்ற வேண்டும். அதிலும் மெயின் ஸ்ட்ரீம் என்ற தெளிவான படத்துக்கும் சப் ஸ்ட்ரீம் என்ற தரம் குறைத்த படத்துக்கும் தனித்தனியாக. போனில் பெரும்பாலும் சப் ஸ்ட்ரீம்தான் ஓடும். ஆகவே போனில் சத்தம் இல்லை என்பதால் பதிவிலும் இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். டிவிஆரில் நேரடியாக ஓட்டிப் பாருங்கள். அங்கும் இல்லாவிட்டால் அந்த நாளின் சத்தம் போனது போனதுதான். பதியாத ஒலியை எந்த சொப்ட்வெயரும் மீட்டுத் தராது.

சரி, மைக்கே இல்லாத கமராவைத்தான் தந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் உங்கள் கை ஓங்கியிருக்கிறது. ‘ஓடியோவுடன்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு இப்போது மைக்குக்குத் தனிக் காசு கேட்க முடியாது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, உத்தரவாதத்துக்கு ஒத்துவராத பொருளை விற்றவர் மீது அதிகார சபையிடம் எழுத்தில் முறையிடலாம். விசாரித்த பின் நட்டஈடு தரவோ, பொருளை மாற்றித் தரவோ, காசைத் திருப்பவோ சபை உத்தரவிடலாம். ‘கடைக்குத்தானே வாங்கினீர்கள், நீங்கள் எப்படிப் பாவனையாளர்?’ என்று அவர் மடக்கப் பார்ப்பார். பொருளையோ சேவையையோ பயன்படுத்துபவர் பாவனையாளர் என்பதே அந்தச் சட்டத்தின் வரைவிலக்கணம். கடைக்காரருக்கு அதில் விலக்கு இல்லை.

ஆனால் முறைப்பாட்டுக்கு மூன்று மாதம்தான் அவகாசம். உங்களுக்கு மிஞ்சியிருப்பது மூன்று வாரத்துக்குக் கொஞ்சம் கீழே. “வாற கிழமை வாறேன்” என்று அவர் நாள் கடத்துவது தெரிந்தா தெரியாமலா என்று நான் சொல்லமாட்டேன், கடத்த விடாதீர்கள். இன்றைக்கே பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போடுங்கள்: கொட்டேஷன் திகதி, கட்டிய தொகை, ‘ஓடியோவுடன்’ என்ற வரி, ஏழு நாளில் சரிசெய்ய வேண்டும் என்ற கோரிக்கை. சட்டத்தரணியின் கடிதத்தாள் தேவையில்லை, உங்கள் கையெழுத்தே போதும். எட்டாவது நாள் கொட்டேஷன், பற்றுச்சீட்டு, வட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றின் பிரதிகளுடன் கொழும்பு 2, வொக்ஸ்ஹோல் வீதியில் உள்ள அதிகார சபைக்குப் போங்கள். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் விவரம் கேட்கலாம். ஆனால் போனில் சொன்னதை நம்பி இருந்துவிடாமல் முறைப்பாட்டை எழுத்திலேயே கொடுங்கள். மூன்று மாதம் தவறினால் சிவில் வழக்கு வழி இருக்கிறது. ஆனால் இவ்வளவு சிறிய தொகைக்கு முதலில் மத்தியஸ்த சபைக்குத்தான் போக வேண்டியிருக்கும். அப்புறம் புதுக்கடை நீதிமன்றத்துக்கு நடக்கிற நடையில் செருப்பு தேயும்.

ஏஜென்ட் விஷயத்தில் நீங்கள் பயப்படுகிற அளவுக்கு நிலைமை மோசமில்லை. உங்களுக்கு வேண்டியது அவர் பேசியதைவிட, அவர் காசை வாங்கியது. கல்லாவுக்கு மேலே உள்ள கமராவில் அவர் நோட்டுகளை எண்ணிப் பைக்குள் வைப்பது தெரிகிறதா? அது போதிய பலம். ‘பில்லை நாளைக்குத் தாறேன்’ என்றதை நீங்களே சாட்சிக்கூண்டில் சொல்லலாம். எதிர்த்தரப்பு தன் வாயால் ஒப்புக்கொண்டதை, கேட்டவர் சொல்வதற்குச் சாட்சியக் கட்டளைச் சட்டம் இடம் தருகிறது. பக்கத்தில் கடைப் பொடியன் நின்றிருந்தால் அவனும் சாட்சி.

பதிவைச் சமர்ப்பிக்க 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க சாட்சிய (விசேட ஏற்பாடுகள்) சட்டம் இருக்கிறது. சம்பவம் நடக்கும்போதே பதிவானதாகவும், கருவி ஒழுங்காக வேலை செய்ததாகவும், பதிவில் யாரும் கைவைக்காததாகவும் இருக்க வேண்டும். வழக்கு விளக்கத்துக்கு எடுக்கப்படும் திகதிக்குக் குறைந்தது 45 நாளுக்கு முன் எதிர்த்தரப்புக்கு அறிவித்தல் கொடுப்பதும் அவசியம். இதை மறந்து நல்ல பதிவைக் கோட்டைவிட்டவர்கள் உண்டு. டிவிஆர் நிரம்பியதும் பழையதன் மேல் புதியதை எழுதிவிடும், ஆகவே அந்த நாள் பதிவை இன்றே பென்டிரைவில் இறக்குங்கள். யாராவது ‘சத்தம் சேர்த்துத் தாறேன்’ என்று வந்தால் வாசலோடு அனுப்புங்கள். சேர்த்த சத்தம் உண்மையான படத்தையும் சந்தேகத்துக்குள் தள்ளும்.

கடையில் சத்தம் பதிவது குற்றம் என்று நேரடியாகச் சொல்லும் சட்டம் இங்கே இல்லை. ஆனாலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், சொந்த வீட்டுத் தேவைக்கான பதிவை மட்டுமே விலக்குகிறது. கடை அந்த விலக்குக்குள் வராது. என் அபிப்பிராயம், கல்லாவுக்கு மேலே ஒரே ஒரு மைக் போதும். ‘இங்கு படமும் ஒலியும் பதிவாகின்றன’ என்று மூன்று மொழியிலும் எழுதி வாசலில் ஒட்டுங்கள். வேலை செய்யும் பிள்ளைகள் சோறு சாப்பிடுகிற பின்னறையில் மைக் வேண்டாம். அங்கே அவர்கள் உங்களைப் பற்றித்தான் பேசுவார்கள், அதைக் கேட்டு உங்களுக்கு என்ன லாபம்?

இன்னொன்று. டிவிஆரின் பாஸ்வேர்ட் பூட்டியவரிடமும் இருக்குமே? கடிதத்தைத் தபாலில் சேர்க்குமுன் அதை மாற்றிவிடுங்கள். அதற்குப் பிறகும் அனுமதியில்லாமல் அவர் உள்ளே புகுந்தால், 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க கணினிக் குற்றச் சட்டத்தின் கீழ் அது வேறு முறைப்பாடு. அதைக் கொடுக்க வேண்டிய இடம் பொலிஸ்.