கூடைப்பந்து கேள்வி-பதில்: ஜான் வுடன்

கேள்வி: கல்லூரி ஆண்கள் கூடைப்பந்தில் ஜான் வுடன் போல் கோப்பைகளைக் குவித்த பயிற்சியாளர் இல்லை என்கிறார்கள். வந்ததுமே ஜெயிக்க ஆரம்பித்துவிட்டாரா?

பதில்: இல்லை. அமெரிக்காவின் யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்துக்கு 1948-இல் வந்தார். முதல் தேசியப் பட்டம் 1964-இல்தான் கிடைத்தது. அங்கிருந்து 1975-இல் ஓய்வுபெறும்வரை 12 சீசன்களில் 10 பட்டம். அதில் 1967 முதல் 1973 வரை தொடர்ச்சியாக 7. உயரமான ஆட்கள் கிடைத்ததால் ஜெயித்தார் என்பது பாதி உண்மைதான். ஒரு ஆட்டம்கூடத் தோற்காத 1964 அணியின் முதல் ஐவரில் ஆறரை அடி உயரமுள்ளவர் ஒருவரும் இல்லை. எதிரணி எல்லைக்கோட்டிலிருந்து பந்தை உள்ளே எறிந்ததுமே, முன்னால் இருவர், நடுவில் இருவர், பின்னால் ஒருவர் என 2-2-1 ஆக நின்று முழு மைதானத்திலும் நெருக்குவார்கள். பந்தைப் பறிப்பது இரண்டாம்பட்சம். எதிரணியை அவசரப்படுத்துவதுதான் முக்கியம். கல்லூரி ஆட்டத்தில் அப்போது ஷாட் கிளாக், அதாவது இத்தனை நொடிக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும் என்ற கெடு, கிடையாது. விட்டால் பந்தைக் கையில் வைத்துக்கொண்டே நேரத்தைக் கடத்திவிடுவார்கள்.

கேள்வி: முதல் நாள் சாக்ஸ் போடச் சொல்லிக்கொடுப்பாராமே?

பதில்: உண்மைதான். விரல் நுனி, பாதம், குதிகால் என்று வரிசையாகக் கையால் நீவி, சுருக்கமே இல்லாமல் மேலே இழுக்க வேண்டும். சுண்டுவிரல் பக்கமும் குதிகாலும்தான் ஏமாற்றும் இடங்கள். அங்கே ஒரு மடிப்பு நின்றால் கொப்புளம் வரும். பிறகு ஷூ லேஸைக் கீழ்த் துளையிலிருந்து ஒவ்வொன்றாக இறுக்கி, இரட்டை முடிச்சு. கொப்புளம் வந்தவன் பயிற்சிக்கு வர முடியாது. அதைத் தடுப்பது பயிற்சியாளரின் வேலை என்று அவர் நினைத்தார்.

கேள்வி: பள்ளி அணிக்குப் பயிற்சி தருகிறேன். அவரிடமிருந்து எதை எடுத்துக்கொள்வது?

பதில்: திட்டமிடுவதை. எந்தப் பயிற்சி எத்தனை நிமிடம் என்று சிறு அட்டையில் எழுதி வைத்திருப்பார். சொன்ன நேரத்துக்கு முடிப்பார். 1974-75 சீசனில் இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் அவருடைய பயிற்சியை உட்கார்ந்து பதிவு செய்தார்கள். அவர் பேசியதில் முக்கால்வாசி, எதை எப்படிச் செய்வது என்ற தகவல்தான். பாராட்டும் திட்டும் மிகக் குறைவு. ஒருவன் தவறினால் நிறுத்தி, சரியான முறையைச் செய்து காட்டுவார். அவன் செய்ததையும் காட்டுவார். மறுபடி சரியானதைக் காட்டுவார். எல்லாம் சில நொடிகளில் முடிந்துவிடும். நம் ஊர்ப் பயிற்சிகளில் நீண்ட பிரசங்கம்தான் நேரத்தைத் தின்கிறது. முதலில் அதைக் குறையுங்கள்.

கேள்வி: யுசிஎல்ஏவுக்கு முன்பு?

பதில்: பர்டியூ பல்கலைக்கழகத்தின் நட்சத்திர ஆட்டக்காரர், பிறகு பள்ளியில் ஆங்கில ஆசிரியர். 1947-இல் அவர் பயிற்சியளித்த இண்டியானா ஸ்டேட் கல்லூரி அணிக்குத் தேசியப் போட்டி அழைப்பு வந்தது. கறுப்பின வீரர்களுக்கு அங்கே அனுமதி இல்லை. அணியிலிருந்த கிளாரன்ஸ் வாக்கரை விட்டுவிட்டுப் போக மறுத்து, அழைப்பையே நிராகரித்தார். மறு ஆண்டு தடை நீங்கியது. வாக்கர் ஆடினார், அணி இறுதிப்போட்டிவரை போனது.