செடித்தொட்டி கேள்வி-பதில்: சக்கர் மீனை ஏரியில் விடலாமா?

செடி நட்ட மீன்தொட்டி பற்றி இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இறால் செத்த கதைதான். வெயில் ஏறும் மாதம், எதிர்பார்த்ததுதான். ஆனால் தொட்டி எத்தனை அடி, ஊற்றுவது என்ன தண்ணீர், டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) எவ்வளவு, தொட்டி போட்டு எத்தனை நாள் என்ற நான்கையும் எழுதியவர்கள் இரண்டே பேர். தயவுசெய்து இவற்றை எழுதுங்கள். டிடிஎஸ் மீட்டர் இருநூறு முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. இறால் வாங்கும் முன் அதை வாங்குங்கள்.

கேள்வி: நேற்று இரவு 25 செர்ரி இறால் நன்றாக மேய்ந்துகொண்டிருந்தன. காலையில் பார்த்தால் எல்லாம் செத்துக் கிடக்கின்றன. மீன்களுக்கு ஒன்றுமே ஆகவில்லை. என்ன காரணம்? (சென்னை)

நான் கேட்ட நான்கில் ஒன்றுகூட உங்கள் கடிதத்தில் இல்லை. இருந்தாலும் நீங்கள் சொன்னதிலேயே ஒரு தடயம் இருக்கிறது. மீன் பிழைத்து, இறால் மட்டும் ஒரே இரவில் மொத்தமாகப் போனால் பெரும்பாலும் விஷம்தான். பூச்சி மருந்து அல்லது தாமிரம், இரண்டில் ஒன்று.

பூச்சி மருந்து என்றவுடன் வயலுக்குப் போகாதீர்கள். உங்கள் படுக்கையறையில் இருக்கும் கொசு லிக்விட், கரப்பான் ஸ்பிரே, இரவில் தெருவில் அடிக்கும் புகை எல்லாமே அதுதான். பூச்சியைக் கொல்லச் செய்த மருந்து இறாலையும் கொல்லும், இரண்டும் கிட்டத்து உறவு. ஒரு வீட்டில் ஏர் பம்ப்பையும் கொசு லிக்விடையும் ஒரே பிளக் போர்டில் அடுத்தடுத்துச் செருகி வைத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். லிக்விடிலிருந்து ஏறும் ஆவியை அந்தப் பம்ப் இரவு முழுக்க உறிஞ்சி, குமிழி குமிழியாகத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டிருந்தது. தொட்டி இருக்கும் அறையில் கொசு வலை கட்டுங்கள். வேறு வழி கிடையாது.

மீனுக்குப் புண் என்று ஏதாவது மருந்து ஊற்றியிருந்தால் அந்தப் பாட்டிலைத் திருப்பி, காப்பர் என்ற சொல் இருக்கிறதா பாருங்கள். புதுச் செடி நட்டிருந்தாலும் சொல்லியிருக்க வேண்டும். பண்ணையில் மருந்தடித்த செடியை இரண்டு வாரம் தனி வாளியில் போட்டு, இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றிய பிறகுதான் இறால் தொட்டிக்குள் விட வேண்டும். இப்போதைக்குப் பாதித் தண்ணீரை மாற்றுங்கள், ஃபில்டருக்கென்று விற்கும் கரியை அதில் போடுங்கள். ஒரு மாதம் கழித்து ஐந்து இறால் மட்டும் விட்டுப் பாருங்கள். திரும்பவும் 25 வாங்காதீர்கள்.

கேள்வி: சிறுவாணித் தண்ணீர்தான் ஊற்றுகிறேன். டிடிஎஸ் 40. இரண்டடி தொட்டி, நான்கு மாதம் ஆகிறது. செர்ரி இறால் வாரம் ஒன்று இரண்டு சாகிறது. செத்ததன் கழுத்தருகில் வெள்ளை வளையம் தெரிகிறது. (கோவை)

முறையாக எழுதியதற்கு நன்றி, பதிலும் தெளிவாகவே சொல்ல முடிகிறது. தோலுரிக்க முடியாமல் சாகின்றன. குடிக்க அருமையான அந்தத் தண்ணீரில் இறால் ஓடு கட்டத் தேவையான சுண்ணாம்பும் மக்னீசியமும் போதுமான அளவு கிடையாது. ஓடு சரியாக உருவாகாததால், உரிக்கும்போது ஒரே இடத்தில் பிளந்து வெளியே வராமல் சுற்றி வெடித்து வளையமாக நின்றுவிடுகிறது. இறால் உள்ளேயே மாட்டிக்கொள்கிறது.

செர்ரிக்கு ஜி.எச். (தண்ணீரில் உள்ள சுண்ணாம்பு, மக்னீசியத்தின் அளவு) 6 முதல் 8, டிடிஎஸ் 150 முதல் 250 வரை இருந்தால் போதும். இறாலுக்கென்றே விற்கும் ஜி.எச். பொடியை வாங்கி, மாற்றப்போகும் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். நேராகத் தொட்டியில் கொட்டாதீர்கள். வாரம் 15, 20 சதவீதம் மாற்றினால் ஒன்றிரண்டு மாதத்தில் அளவு தானாக ஏறிவிடும். அவசரப்பட்டு ஒரே நாளில் ஏற்றினால் இருப்பவை எல்லாம் சேர்ந்து தோலுரிக்கப் பார்த்து, இருப்பதும் போகும். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கடல்நுரையில் ஒரு துண்டு போட்டு வைக்கலாம். அது சுண்ணாம்பு மட்டும்தான் தரும், அதுவும் மெதுவாக. பொடிக்குத் துணை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சென்னை போர் தண்ணீர்க்காரர்களுக்கு இதில் பாதி பொருந்தாது. உங்களில் பலருக்கு டிடிஎஸ் ஆயிரத்தைத் தாண்டி நிற்கும். நீங்கள் ஆர்.ஓ. தண்ணீர் கலந்து இறக்க வேண்டும்.

கேள்வி: ஃபைட்டர் மீனுடன் இறால் வளர்க்கலாமா? (ஈரோடு)

பெரிய இறால் தப்பிக்கலாம். குட்டி ஒன்றும் மிஞ்சாது.

கேள்வி: என் தொட்டித் தண்ணீர் மதியம் 32 டிகிரி போகிறது. கிறிஸ்டல் ரெட் இறால் விட ஆசை. ஐஸ் கட்டி போட்டால் சமாளிக்குமா? (சென்னை)

சமாளிக்காது. கிறிஸ்டல் ரெட்டுக்கு 20 முதல் 24 டிகிரி வேண்டும். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாமல், நாள் முழுக்க ஏ.சி. ஓடாமல் சென்னையில் அது நடக்காது. கொளத்தூர் வண்ணமீன் சந்தையில் எல்லாம் கிடைக்கிறது, சரி. கிடைப்பதெல்லாம் நம் வீட்டில் வாழும் என்று பொருளில்லை.

ஐஸ் கட்டி அரை மணி நேரத்தில் சூட்டைத் தடாலென்று இறக்கி, அப்புறம் அது பழையபடி ஏறிவிடும். அந்த ஏற்ற இறக்கம் 32 டிகிரியைவிட மோசம். தொட்டி மூடியை எடுத்துவிட்டு, தண்ணீர்ப் பரப்பின் மேல் சின்ன ஃபேன் ஓடவிடுங்கள். ஆவியாகும் தண்ணீர் சூட்டையும் கொண்டுபோகும், இரண்டு மூன்று டிகிரி இறங்கும். தினமும் ஒரு விரல் அளவு தண்ணீர் குறையும். அதை ஈடுகட்ட ஆர்.ஓ. தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பெல்லாம் உள்ளேயே தங்கிவிடுகிறது. போர் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் மே மாதம் முடிவதற்குள் டிடிஎஸ் எங்கோ போயிருக்கும்.

சூடு ஏற ஏறத் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும். இரவில் செடிகளும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். அதனால் ராத்திரி ஏர் பம்ப் கட்டாயம் ஓட வேண்டும். பம்ப் எந்த அறையில் இருக்கிறது, அந்த அறையில் கொசு மருந்து உண்டா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஆசைக்குச் செர்ரி வளர்க்கலாம். 30க்கு மேல் குட்டி போடுவது குறையும், ஆனால் தாக்குப்பிடிக்கும்.

கேள்வி: நான்கு வருடம் முன்பு பாசி தின்னும், தொட்டியைச் சுத்தமாக வைக்கும் என்று கடையில் ஒரு சக்கர் மீன் கொடுத்தார்கள். அப்போது இரண்டு அங்குலம். இப்போது ஓரடி. செடிகளைப் பிடுங்கிப் போடுகிறது. பக்கத்து ஏரியில் விட்டுவிடலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். இதற்குப் பதில் பாசி தின்ன வேறு என்ன மீன் வாங்கலாம்? (தாம்பரம்)

விடாதீர்கள். ஏரியிலும் வேண்டாம், குளத்திலும் வேண்டாம், கோயில் தெப்பத்திலும் வேண்டாம்.

இந்தக் கேள்வி வருடத்துக்குப் பத்து முறை வருகிறது. ஒவ்வொரு முறையும் ஒரே கதை. யாரோ ஒரு கடைக்காரர், ஒரு நெகிழிப் பை, ‘இது கிளீனர் சார், ஒண்ணு போட்டுக்கோங்க’ என்ற ஒரு வரி. எனக்கும் பதினான்கு வயதில் இப்படித்தான் ஒன்றைக் கொடுத்தார்கள். ஒன்றரை அடி தொட்டியில் அது திரும்பக்கூட முடியாமல் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தது இன்றும் கண்ணில் நிற்கிறது. இரண்டு அங்குலக் குட்டியாக வரும் அந்த மீனின் சொந்த ஊர் தென் அமெரிக்கா, அமேசான் பக்கத்து ஆறுகள். ஒன்றரை அடி வரை வளரும். குட்டியில் கொஞ்சம் பாசி சுரண்டும், உண்மைதான். வளர்ந்த பிறகு பாசியைவிட நீங்கள் மற்ற மீனுக்குப் போடும் தீவனத்தைத்தான் தின்னும். தின்பதைவிடக் கழிவதுதான் கண்ணில் படும். தொட்டியைச் சுத்தம் செய்ய வந்தது தொட்டியிலேயே பெரிய அழுக்காகிவிடுகிறது. பாசி ஏன் வந்தது? அதிக நேரம் லைட், அதிகத் தீனி. அழுக்கு கூடினால் பாசியும் கூடும். சக்கர் வாங்கியது பாசிக்கு உரம் வாங்கியது போலத்தான்.

ஏரியில் விட்டால் என்ன ஆகும் என்று நேரில் பார்த்திருக்கிறேன். செங்கல்பட்டுப் பக்கம் ஒரு ஏரிக்கரையில் காலையில் பெரியவர் ஒருவர் வலையை உதறிக்கொண்டிருந்தார். மூன்று நான்கு கெண்டை. மீதி எல்லாம் சக்கர், கறுப்பு கறுப்பாக, கையில் எடுத்தால் உப்புத்தாள் மாதிரி. அதன் செதில் உண்மையில் எலும்புத் தகடு. துடுப்பு முள் வலைக் கண்ணியில் கொக்கி போல மாட்டிக்கொள்கிறது. இழுத்தால் வராது, கண்ணியைத்தான் அறுக்க வேண்டும். ‘வாங்க ஆள் இல்ல தம்பி. கரையில போட்டா மத்தியானம் வரைக்கும் உசுரோட கிடக்கும்’ என்றார் அவர். இது காற்றை விழுங்கி வயிற்றின் வழியே மூச்சு விடும், அதனால் தண்ணீர் கெட்டாலும் வற்றினாலும் சீக்கிரம் சாகாது. கரையில் வளை தோண்டி முட்டையிடும், கரை சரியும். நம் கெண்டைக்கும் கெளுத்திக்கும் உள்ள இரையைத் தின்னும். மேலே உடம்பெல்லாம் தகடும் முள்ளும், விழுங்கும் மீன் எது? தமிழ்நாட்டு ஏரிகள், கேரளத்து ஓடைகள், கிழக்குக் கொல்கத்தா சதுப்புநிலம் என்று எல்லா இடத்துக்கும் இது வந்தது பெரும்பாலும் மீன்தொட்டி வழியாகத்தான். வீட்டில் கொல்ல மனம் வராமல், புண்ணியம் என்று நினைத்து ஏரியில் விட்டவர்கள் கொண்டுவந்து சேர்த்தது அது. அந்த ஒரு மீனைக் காப்பாற்றியதில் ஓர் ஊரின் மீன்பிடிப்பு போகிறது.

ஆகவே வாங்கிய கடைக்கே திருப்பிக் கொடுங்கள். காசு கேட்காதீர்கள், சும்மா கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள். இல்லையென்றால் ஐந்து ஆறு அடி தொட்டி வைத்திருப்பவரைத் தேடுங்கள். வெளியே வழியில்லாத சிமெண்ட் தொட்டி இருந்தால் அங்கே வைக்கலாம். கடைக்காரர்களுக்கும் சொல்கிறேன்: இரண்டடி தொட்டி வைத்திருப்பவருக்கு இந்த மீனை விற்காதீர்கள். அது ஓரடி வளரும் என்று உங்களுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது.

பாசிக்கு மீன் தேடுவதற்கு முன் லைட்டை ஆறு மணி நேரமாகக் குறையுங்கள், தீனியைப் பாதியாக்குங்கள். மூன்று வாரம் கழித்தும் பாசி இருந்தால் நெரைட் நத்தை இரண்டு விடுங்கள். வெள்ளைப் புள்ளி புள்ளியாக முட்டை ஒட்டும், ஆனால் உப்பில்லாத தண்ணீரில் பொரியாது. மீன்தான் வேண்டுமென்றால் ஓட்டோசின்க்ளஸ் நான்கைந்து. இரண்டு அங்குலத்தைத் தாண்டாது, செடியைத் தொடாது, இறாலையும் தொடாது. ஆனால் புதுத் தொட்டியில் பட்டினியில் செத்துப்போகும். தொட்டிக்கு மூன்று மாதமாவது ஆகியிருக்க வேண்டும்.

கேள்வி: கிரிப்டோகோரைன் செடி நட்டு ஒரு வாரத்தில் இலையெல்லாம் கூழாகிவிட்டது. பிடுங்கிப் போட்டுவிடவா? (திருச்சி)

வேரைத் தொடாதீர்கள். அழுகிய இலையை மட்டும் வெட்டுங்கள். இடம் மாறினால் அது அப்படித்தான் செய்யும். ஒரு மாதத்தில் புது இலை வரும்.

கேள்வி: அமானோ இறால் சினையாக இருக்கிறது. இது மூன்றாவது முறை. குட்டி ஒன்றையும் காணோம். மீன் தின்கிறதா? (மதுரை)

மீன்மேல் பழி போடாதீர்கள். செர்ரி முட்டையிலிருந்து முழு இறாலாகவே வெளியே வரும். அமானோ அப்படியில்லை. பொரிப்பது நுண்ணிய லார்வா, அது வளர உப்புத் தண்ணீர் வேண்டும். ஆற்றில் பொரித்து, கடல் பக்கம் அடித்துச் செல்லப்பட்டு, வளர்ந்து திரும்பும் இனம் அது. வீட்டில் செய்து பார்த்தவர்கள் உண்டு, ஆனால் தனி உப்புத் தொட்டி, தீனிக்குத் தினமும் நுண்பாசி வளர்ந்த பச்சை நிறத் தண்ணீர் என்று பெரிய வேலை. பாசி தின்பதற்கென்று இந்த இறாலை உலகத்துக்கு அறிமுகப்படுத்தியவர் ஜப்பானின் செடித்தொட்டிக் கலைஞர் தகாஷி அமானோ, பெயரும் அவருடையதுதான். அவர் தொட்டிகளிலும் இது வேலைக்காரன்தான். நீங்களும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நேற்று தொட்டி செட் செய்தேன். சாயில் (செடிக்கான சத்து மண்), செடி எல்லாம் போட்டாயிற்று. கடையில் பாக்டீரியா பாட்டில் கொடுத்தார்கள். நாளைக்கு நியான் டெட்ரா மீன் 20, இறால் 30 விடலாமா? (சேலம்)

கூடாது. இதை எத்தனை முறை எழுதியிருக்கிறேன் என்று கணக்கில்லை. புதுச் சாயில் முதல் சில வாரங்கள் தானே அமோனியா விடும். அதைத் தின்னும் பாக்டீரியா ஃபில்டரிலும் மணலிலும் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். பாட்டில் ஊற்றினால் கொஞ்சம் சீக்கிரம் ஆகலாம், நாளைக்கே ஆகாது. டெஸ்ட் கிட் வாங்கி, அமோனியாவும் நைட்ரைட்டும் தொடர்ந்து ஒரு வாரம் பூஜ்யம் காட்டிய பிறகு டெட்ரா எட்டு விடுங்கள். அப்புறம் இரண்டு வாரம் கழித்து மீதி. இறால் கடைசியில், கண்ணாடியிலும் இலையிலும் மெல்லிய பாசிப் படலம் தெரிந்த பிறகு. ஒரே நாளில் ஐம்பது உயிரை விடாதீர்கள்.

கேள்வி: இரண்டடி தொட்டியில் மிஸ் கேரளா ஆறு வளர்க்கலாமா? (நாகர்கோவில்)

வேண்டாம். அரையடி வரை வளரும், கூட்டமாக ஓடும், நான்கடியாவது வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளில் பிடித்துப் பிடித்தே அருகிவிட்ட மீன் அது. பண்ணையில் பொரித்ததா என்று கேட்காமல் யாரும் வாங்காதீர்கள். இரண்டடிக்கு எம்பர் டெட்ரா பத்து போதும். இறாலோடும் ஒத்துப்போகும்.

கேள்வி: கண்ணாடியில் வெள்ளையாக, தலை முக்கோணமாக, வழுக்கிக்கொண்டு ஊர்கிற புழு. பாக்கு போட்டால் சாகும் என்றார் நண்பர். உண்மையா? (தஞ்சாவூர்)

நீங்கள் சொல்வது பிளனேரியா. இறால் குட்டியையும், தோலுரித்துக் கிடக்கும் பெரிய இறாலையும் பிடிக்கும். நண்பர் சொன்னதில் உண்மை இருக்கிறது. பாக்குச் சாற்றில் செய்த மருந்தே இதற்கென்று விற்கிறார்கள். ஆனால் வெற்றிலைப் பெட்டியிலிருந்து எடுத்துப் போட்டால் எவ்வளவு சாறு இறங்கியது என்று யாருக்கும் தெரியாது. அளவு எழுதிய பொடியையே வாங்குங்கள். நத்தை இருந்தால் முதலில் வேறு தொட்டிக்கு மாற்றிவிடுங்கள், அதற்கும் ஆகாது. புழு இவ்வளவு வந்திருக்கிறது என்றால் நீங்கள் தீனி அதிகம் போடுகிறீர்கள்.

கேள்வி: கோடை விடுமுறைக்கு எட்டு நாள் ஊருக்குப் போகிறோம். சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துத் தீனி போடச் சொல்லலாமா? (சென்னை)

சொல்லாதீர்கள். வளர்ந்த மீன் ஒரு வாரம் பத்து நாள் தின்னாமல் இருக்கும். செடித்தொட்டியில் மேய ஏதாவது கிடைத்துக்கொண்டேதான் இருக்கும், இறாலுக்கு இன்னும் சௌகரியம். நான் ஒருமுறை பக்கத்து வீட்டுப் பையனிடம் சொல்லிவிட்டுப் போனேன். மீன் பசியாக இருக்குமென்று டப்பாவையே கவிழ்த்துவிட்டான். திரும்பி வந்தபோது தண்ணீர் பால் மாதிரி இருந்தது, வாசல்வரை நாற்றம். அவன்மேல் தப்பில்லை, பாசத்தில் செய்தது. கிளம்பும் முன்தினம் கால்வாசித் தண்ணீர் மாற்றுங்கள், லைட்டை டைமரில் ஆறு மணி நேரத்துக்கு வையுங்கள், தண்ணீரை விளிம்பு வரை நிரப்புங்கள். பக்கத்து வீட்டாரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: கரண்ட் போய் வந்த பிறகு ஃபில்டர் ஓடுகிறதா என்று தினமும் ஒருமுறை எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். தீனி டப்பாவை எடுத்து உள்ளே பூட்டிவிடுங்கள்.