கொயர் பிராக்டிஸ் நடுவில் வார்டிலிருந்து போன் வந்தால்?

கேள்வி: மிஷன் மருத்துவமனை ஒன்றில் சாப்ளினாக, அதாவது நோயாளிகளுக்கு ஜெபமும் ஆறுதலும் சொல்லும் போதகராக இருக்கிறேன். 250 படுக்கை, நான் ஒருவன்தான். ஊர்ச் சபையில் ஆர்கன் வாசிப்பதும் கொயரை (பாடற்குழுவை) நடத்துவதும் என் பொறுப்பே. ஞாயிறு மாலை 5 மணிக்குப் பிராக்டிஸ். பாதியில் வார்டிலிருந்து போன் வரும், ஓடுவேன். சேகரக் கமிட்டியில் (சில சபைகள் சேர்ந்த சேகரத்தை நடத்தும் குழு) முணுமுணுக்கிறார்கள். இசையை அடியோடு விட்டுவிடலாமா? மாதம் 12,000 ரூபாய்க்குக் கீபோர்டு ஆளும் டிராக்கும் (பதிவு செய்த பின்னணி இசை) தருவதாக, சபைகளுக்கு இசை ஏற்பாடு செய்யும் ஒரு கோஆர்டினேட்டர் சொல்கிறார். சம்மதிக்கலாமா?

பதில்: விட வேண்டாம், தம்பி. ஆர்கனை வைத்துக்கொள்ளுங்கள், கொயர் மாஸ்டர் பொறுப்பை இறக்கி வையுங்கள். வாசிப்பது விரல் வேலை. வாரத்தில் சில மணி நேரம் போதும். கொயர் நடத்துவது ஆள் மேய்க்கும் வேலை. யாருக்கு யாரோடு பேச்சில்லை, ஆல்டோவில் (பெண்களின் கீழ்க்குரல்) யார் வரவில்லை, கிறிஸ்துமஸுக்குச் சேலை என்ன நிறம் என்று அதற்கு முடிவே கிடையாது. 250 படுக்கையோடு சேர்த்து அதையும் சுமக்க யாராலும் ஆகாது. டெனர் (ஆண்களின் மேல்குரல்) பாடுகிற பள்ளி ஆசிரியர் ஒருவர் உங்கள் சபையில் கட்டாயம் இருப்பார். டானிக் சோல்ஃபா (டோ, ரே, மி என்று எழுதும் சுரக்குறிப்பு) படிக்கத் தெரிந்தால் போதும், அவரிடம் கொடுத்துவிடுங்கள்.

சாப்ளினுக்குப் பாட்டு எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு பெயர் சொல்கிறேன். அமெரிக்காவில் வுஸ்டர் மனநல மருத்துவமனையில் 1925-ல் இறையியல் மாணவர்களுக்கு நோயாளிகள் நடுவிலேயே பயிற்சி கொடுக்கத் தொடங்கியவர் ஆன்டன் பாய்சன். இன்றைய சாப்ளின் பயிற்சிக்கு அவர் ஒரு முன்னோடி. தாமே மனநோய் வார்டில் கிடந்து மீண்டவர். அவரே உட்கார்ந்து மருத்துவமனைக்கென்று பாட்டுப் புத்தகம் தொகுத்தார்.

ஞாயிறு மாலை 5 மணி என்று யார் குறித்தது? திங்கட்கிழமை ஆபரேஷன் லிஸ்டில் இருப்பவர்களில் நிறையப் பேர் ஞாயிறு மதியத்துக்கு மேல்தான் அட்மிட் ஆவார்கள். மயக்க மருந்து டாக்டர் பார்த்துவிட்டுப் போயிருப்பார். ராத்திரிக்கு மேல் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்று சிஸ்டர் சொல்லியிருப்பார். அப்போதுதான் வயிற்றில் பயம் பிடிக்கும், ஐயரை, அதாவது போதகரான உங்களை, கூப்பிடுவார்கள். அந்த நேரத்தில் பிராக்டிஸ் வைத்துவிட்டு ஐயர் ஓடுகிறார் என்று குறை சொன்னால் என்ன அர்த்தம்? காலை ஆராதனை முடிந்த கையோடு 40 நிமிடம் வையுங்கள். பசி நேரம், சீக்கிரம் முடியும். டீயும் பன்னும் கமிட்டி செலவு.

பாட்டுத் தேர்வுக்கு வாராவாரம் தலையைச் சொறிய வேண்டாம். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) பஞ்சாங்கத்தில் ஒவ்வொரு ஞாயிறுக்கும் கருப்பொருள் இருக்கிறது. மூன்று மாதத்துக்குப் பாமாலை (மேல்நாட்டு மெட்டுப் பாட்டு) எண்ணையும் கீர்த்தனை (நம் ஊர் ராக மெட்டுப் பாட்டு) எண்ணையும் ஒரே மூச்சில் எழுதிவிடுங்கள். அதே பாட்டுகளை அந்தந்த வாரம் மருத்துவமனை சேப்பலில் காலை ஜெபத்துக்கும் வைத்தால் தனியாகப் பயிற்சி தேவைப்படாது. அங்கே மட்டும் கீபோர்டில் சுருதி மாற்றும் டிரான்ஸ்போஸ் பட்டனை இரண்டு படி இறக்கிக்கொள்ளுங்கள். நைட் டியூட்டி முடித்து வரும் நர்ஸுக்கு மேல் ஸ்தாயி எட்டாது.

இருமல் இருந்தால் அந்த வாரம் கொயர் அறைக்குள் போகாதீர்கள். மற்ற நாட்களில் ஜன்னலைத் திறந்து வையுங்கள். 2020 மார்ச் 10 அன்று வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பாடற்குழுப் பயிற்சிக்கு 61 பேர் வந்தார்கள். அவர்களில் 53 பேருக்குக் கொரோனா நோய், 2 பேர் இறந்தார்கள். வார்டு வார்டாக ஏறி இறங்கும் நீங்கள் இதை மறக்கக் கூடாது.

இனி அந்தக் கோஆர்டினேட்டர். அவரிடம் ஒரு ரூபாய்கூட அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். நான் வேலை பார்த்த ஊர் ஒன்றில் இப்படி ஒருவரிடம் மூன்று மாதப் பணத்தை முன்கூட்டியே கொடுத்தோம். வந்த பையனுக்கு ரிதம் போடத் தெரியும், பாமாலை தெரியாது. குருத்தோலை ஞாயிறு அன்று அவன் வரவே இல்லை. பக்கத்து ஊர்க் கல்யாண ரிசப்ஷனில் கூடக் கொடுத்தார்களாம். கையில் ஓலையோடு சபை வாசலில் நிற்கிறது, சுருதி கொடுக்க ஆளில்லை. கோஆர்டினேட்டரின் போன் சுவிட்ச் ஆஃப்.

டிராக் இன்னும் மோசம். கீர்த்தனையில் பல்லவிக்குத் திரும்பும்போது எங்கள் பாட்டிமார் ஒருமுறையோடு நிறுத்த மாட்டார்கள். மனது நிறையும் வரை பாடுவார்கள். டிராக் காத்திருக்குமா? அது மூன்றாம் சரணத்துக்குப் போயிருக்கும், சபை இரண்டிலேயே இருக்கும். அடுத்த மாதம் கீபோர்டை மாற்றுங்கள் என்பார், கடையில் அவருக்குக் கமிஷன். அதற்கடுத்து, ஐயரே உங்கள் குரலுக்கு ஒரு ஆல்பம் போடலாமே என்பார். ஆராதனையில் பாடுவதற்குக் காப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு விலக்குத் தருகிறது. அதைக் காட்டி ஆல்பத்துக்கும் அனுமதி வேண்டாம் என்று சாதிப்பார். நம்பாதீர்கள். எழுதியவர் இறந்த பின்பும் 60 ஆண்டுக்கு உரிமை உண்டு. 1864-ல் காலமான தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் பாட்டுக்கு யாரையும் கேட்க வேண்டாம், போன வருடம் யூடியூபில் வந்ததற்குக் கேட்டே ஆக வேண்டும்.

அந்த 12,000-த்தில் கொஞ்சத்தை எடுத்து, சபையிலேயே பத்தாம் வகுப்புப் படிக்கிற பிள்ளைகள் இருவருக்கு ஃபீஸ் கட்டிக் கீபோர்டு கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள். ஒரு வருடத்தில் மாதம் இரண்டு ஞாயிறு உங்களுக்கு ஓய்வு. கமிட்டி உடனே ஒப்புக்கொள்ளாது. ஸ்பீக்கர் வாங்கப் பணம் இருக்கும், பிள்ளையைப் படிக்கவைக்க மட்டும் அடுத்த கூட்டத்தில் பார்ப்போம் என்பார்கள். மேலிடமும் அப்படித்தான். சேகரம் இல்லாத ஐயர் சும்மா இருக்கிறார் என்றே அங்கே கணக்கு. நம்மைப் போன்றவர்கள் ராத்திரி இரண்டு மணிக்குச் சவக்கிடங்கு வாசலில் நிற்பதை எந்த ரிப்போர்ட்டிலும் எழுத இடமில்லை.

ஆராதனையையும் வார்டையும் கலக்காதீர்கள் என்பது என் பொது விதி. கிறிஸ்துமஸ் என்று கொயரைக் கூட்டிக்கொண்டு கிடாரோடு வார்டுக்குள் போவதெல்லாம் வேண்டாம். ஒரே ஒரு விலக்கு உண்டு. சாகக் கிடக்கிறவர் பாட்டுக் கேட்டால் போங்கள். அவரே கேட்டிருக்க வேண்டும். வாய் பேச முடியாவிட்டால், அவர் விரும்பிப் பாடுவார் என்று வீட்டார் சொல்ல வேண்டும். சொந்தக்காரர் ஒருவர் தம் ஆசைக்குக் கேட்பது கணக்கில் வராது. முதலில் டியூட்டி சிஸ்டரிடம் சொல்லுங்கள். பக்கத்துக் கட்டிலில் யார், அவர்கள் எந்த மதம், தூங்குகிறார்களா என்று பாருங்கள், திரையை இழுங்கள். ஐ.சி.யூ. என்றால் நீங்கள் மட்டும். இசைக்கருவி வேண்டாம். பேசும் குரலை விடத் தாழ்வான சுருதியில் ஒரு சரணம், அவ்வளவுதான். மூச்சு வாங்கினால் பாதியில் நிறுத்துங்கள். போனில் பிடிக்க யாரையும் விடாதீர்கள்.

எனக்கு நேர்ந்ததையும் சொல்கிறேன். கொயரில் நாற்பது வருடம் ஆல்டோ பாடிய ஒரு அம்மா ராத்திரி 11 மணிக்குக் கீர்த்தனை கேட்டார். நான் மனப்பாடமாகப் பாடினேன். போர்வைக்குக் கீழே அவர் விரல் தாளம் போடுவது தெரிந்தது. இரண்டாவது அடியில் விரல் நின்றது. கண்ணைத் திறக்காமலே, "ஐயரே, அனுபல்லவியை விட்டுட்டீங்க" என்றார். மறுநாளே சின்ன எழுத்துக் கீர்த்தனைப் புத்தகம் ஒன்று வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். நீங்களும் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.