கோல்டிட்ஸின் ஆர்டர்லி

அன்புள்ள ஐயா,

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் கோல்டிட்ஸ் கோட்டையில் கைதிகளாக இருந்த பிரிட்டிஷ் அதிகாரிகள், பரண் அறையில் ரகசியமாக ஒரு கிளைடர், அதாவது எஞ்சின் இல்லாத விமானம், செய்ததைப் படித்தேன். அது பறந்திருக்குமா? இரண்டு கால்களும் இல்லாத விமானி டக்ளஸ் பேடரும் அங்கே இருந்தாராமே! எல்லோரும் ஒரே குடும்பமாக வாழ்ந்திருக்கிறார்கள், சிலிர்க்கிறது.

செல்வம்

அன்புள்ள செல்வம்,

கிளைடர் பறக்குமுன்பே 1945 ஏப்ரலில் அமெரிக்கப் படை வந்துவிட்டது. பிற்பாடு அதே அளவில் செய்து பார்த்தது பறந்தது. அதை விடுங்கள். நீங்கள் மனசு உள்ள பிள்ளை, கடிதத்திலேயே தெரிகிறது. ஆனால் அந்த ‘ஒரே குடும்பம்’ எனக்குக் கோபத்தை வரவழைத்துவிட்டது.

போர்க்கைதிகளை எப்படி நடத்த வேண்டும் என்று நாடுகள் செய்துகொண்ட 1929 ஜெனிவா ஒப்பந்தப்படி, சிறைப்பட்ட அதிகாரியை வேலை செய்யச் சொல்லக் கூடாது. அப்புறம் அவர்களுக்குச் சமைத்தது யார், அறையைப் பெருக்கியது யார்? அதே ஒப்பந்தம் அதற்கும் வழி சொல்லியிருந்தது: அதே படையைச் சேர்ந்த சாதாரணச் சிப்பாய்க் கைதிகளை அதிகாரிகள் முகாமுக்குப் பணிவிடைக்கு அனுப்பலாம். நம் ஊரில் சொல்கிற அதே ஆர்டர்லிதான். கைதிக்குள்ளும் எஜமான், வேலைக்காரன்!

அலெக்ஸ் ராஸ் அப்படி ஒருவர். போர்க்களத்தில் காயம்பட்டவர்களைச் சுமந்தவர். கோல்டிட்ஸில் பேடரைக் குளிப்பதற்காக முதுகில் தூக்கிக்கொண்டு படி ஏறி இறங்கினார். 1943இல் ஜெர்மானியர்களே அவரை ஊருக்கு அனுப்பத் தயாரானார்கள். பேடர் விடவில்லை. என் வேலையாளாக வந்தவன், அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டதாகப் பின்னாளில் ராஸே சொல்லியிருக்கிறார். சொந்த நாட்டு அதிகாரியின் ஒரு வார்த்தையால் போர் முடியும்வரை சிறை. பேடர் வீரர்தான், மறுக்கவில்லை. ஆனால் அவர் கதையைச் சொல்கிறவர்கள் அவரைச் சுமந்த முதுகையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா?

என் தாய்மாமா போலீஸ்காரர். ஓர் அதிகாரி வீட்டில் ஆர்டர்லியாக ஏழு வருஷம் ஷூ துடைத்தார், காய்கறி வாங்கினார், குழந்தைகளைப் பள்ளியில் விட்டார். அந்த வீட்டம்மாவும் “இவர் எங்க குடும்பத்துல ஒருத்தர்” என்றுதான் சொல்வார். பாட்டி இறந்த அன்று அங்கே விருந்து. மாமாவை விடவில்லை. ஒரே மகன், அவர்தான் கொள்ளி வைக்க வேண்டும். பாட்டியை வாசலில் கிடத்திவிட்டு, ஒவ்வொரு பஸ் வரும்போதும் எழுந்து எழுந்து பார்த்தோம். இருட்டின பிறகு வந்தார். சட்டையில் குழம்புக் கறை இருந்தது.